இருபது டாலர் மஷெட்டியும் ஏழு தையலும்

கத்தியைப் பத்திப் பதிவுன்னதும் "மதுரைக்காரன் புத்தி எங்கே போகும்"னு யாரும் ஆரம்பிக்காதீங்க மக்கா. இது காட்டுப் பாதையில் முள்ளும் கொடியும் வெட்டுகிற கத்தி. இங்கே அமெரிக்காவில் மஷெட்டி என்பார்கள். நம்மூர் அரிவாளுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா பையன்.

போன அக்டோபரில் நானும் நண்பனும் அட்லாண்டாவுக்கு வடக்கே, ஆபீஸ்காரர் ஒருவரின் பத்து ஏக்கர் நிலத்தில் கூடாரம் போடப் போனோம். "பாதை மூடிக் கிடக்கு, வெட்டிக்கிட்டே போங்க" என்று சொல்லியிருந்தார். நான் பந்தாவாக ஒரு 'சர்வைவல்' மஷெட்டி வாங்கி வைத்திருந்தேன். கறுப்புக் கோட்டிங், முதுகில் ரம்பப் பல், வழவழ பிளாஸ்டிக் கைப்பிடி. கையில் எடுத்தாலே ராம்போ ஃபீலிங்.

கிரீன்பிரையர்னு ஒரு முள்கொடி இந்தப் பக்கம் உண்டு. பச்சைக் கம்பி மாதிரி இருக்கும். நண்பன் ஓங்கி ஒரு போடு போட்டான். கொடி அசையலை. கத்தி வழுக்கி, வேர்த்த கையில் திரும்பி, அவன் முழங்காலுக்குக் கீழே இறங்கிடுச்சு. கொடியை வெட்டத் தெரியாத கத்திக்குச் சதையை வெட்டத் தெரிஞ்சிருக்கு. ஏழு தையல்.

அவன் என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது. கத்தி என்னுது. தீட்டாமல் கொடுத்ததும் நான்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். அதுக்கப்புறம் மூணு கத்திகளை வாங்கியும் கடன் வாங்கியும் அதே நிலத்தில் வெட்டிப் பார்த்தேன். மூணுமே 18 அங்குல அலகு.

டிராமோண்டினா: பிரேசில் சரக்கு. 1911-இல் தொடங்கின கம்பெனி. கார்பன் எஃகு, தடிமன் 2 மி.மீ. சுமார், மரக் கைப்பிடி. விலை இருபது டாலர் பக்கம். வரும்போது மொக்கை, உறையும் கிடையாது. ஆனால் எஃகு ரொம்பக் கடினமில்லை என்பதால் சாதா அரத்தாலேயே அரை மணியில் கூர் ஏறிடும். கைப்பிடியின் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் கை கொப்புளிக்கும்.

கோல்டு ஸ்டீல் லத்தீன்: 1055 கார்பன் எஃகு, இதுவும் 2 மி.மீ. தான். உறை கூடவே வரும். கைப்பிடி பிளாஸ்டிக் என்றாலும் நுனியில் கொக்கி மாதிரி வளைவு இருப்பதால் நழுவலை. இதையும் வந்தவுடன் தீட்டத்தான் வேணும்.

ஒன்டாரியோ: அமெரிக்க ராணுவ மாடல். தடிமன் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. விறகுக் கட்டைக்கு நல்லா இருந்தது. கொடி, புல் என்று ஒரு மணி நேரம் வீசினதும் தோள்பட்டை போச்சு.

என் கட்சி டிராமோண்டினாதான். காரணம் நாம எல்லாரும் படிச்ச ஃபிசிக்ஸ். எடை இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் நாலு மடங்கு. பச்சைக் கொடிக்குப் பின்னாடி முட்டுக் கொடுக்க ஒண்ணுமில்லை. மெதுவா அடிச்சா வளைஞ்சு விலகிடும். மெல்லிசான, கூரான அலகை வேகமா, சாய்வா வீசினாத்தான் விழும். தடிமன் கூடினா 'ஸ்ட்ராங்'னு நினைக்கிறது கடைக்காரன் நமக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு.

நம்ம அரிவாள் கணக்கே வேற. ஆசாரி பட்டறையில் லாரிப் பட்டையை அடிச்சு செய்த அரிவாளில் எடை முழுக்க முன்பக்கம். மட்டை, கிளை, விறகுக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை. வளைஞ்ச மூக்கால் கிளையை இழுத்துக்கலாம். ஆனா நாள் பூரா கொடி வெட்ட முடியாது. தாத்தா தோப்புக்குக் கிளம்பும் முன் திண்ணையில் உட்கார்ந்து கால் மணி நேரம் அரிவாளைத் தீட்டுவார். "மழுங்கின அருவாதான்டா ஆளை வெட்டும்" என்பார். சின்ன வயசில் சும்மா மிரட்டுறார்னு நினைச்சேன்.

ஆகவே வாங்குறவங்க இருபது டாலர் கத்தியோட ஒரு அரமும் வாங்குங்க. முதல் நாளே தீட்டுங்க. வேலை முடிஞ்சதும் துடைச்சு எண்ணெய் போடுங்க, கார்பன் எஃகு துருப்பிடிக்கும். வீசுற ஆளுக்குப் பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. தேசியப் பூங்காப் பாதைகளுக்குக் கத்தியே வேண்டாம். அங்கே செடி கொடியை வெட்டுறது குற்றம், பாதையும் ஏற்கெனவே இருக்கு. ரம்பப் பல் வச்சதை யார் இலவசமாக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

ஏப்ரலில் நண்பன் மறுபடி வந்தான். கத்தியைக் கேட்டான். "இரு" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

டிஸ்கி: அந்த ராம்போ கத்தி இப்போ கராஜில் பெயின்ட் டப்பா மூடி திறக்கப் பயன்படுது. அதுக்கு ஓகே :-)