டெம்ப்பைத் தள்ளினால் டெம்பிளும் போகும்

திருவண்ணாமலையில கம்ப்யூட்டர் வச்சிருக்கற வீடு, கடை, ஸ்டூடியோ எதுல போய்ப் பார்த்தாலும் "டெம்பிள்"னு ஆங்கிலத்துல பேர் வச்ச ஃபோல்டர் ஒண்ணு இருக்கும். தீபத்துக்கு எடுத்தது, தேருக்கு எடுத்தது, பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த சொந்தக்காரங்களை ராஜகோபுரத்துக்கு முன்னாடி நிக்க வச்சு எடுத்தது எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். அதே பொட்டியில "டெம்ப்"னு இன்னொரு ஃபோல்டரும் இருக்கும். அது குப்பைத்தொட்டி மாதிரி. இன்னிக்கு வேலைக்கு ஆகும், நாளைக்கு வேணாம். ஆங்கிலத்துல எழுதினா ரெண்டுக்கும் முதல் நாலு எழுத்து ஒண்ணுதான்.

இந்தப் பதிவு அந்த நாலு எழுத்தைப் பத்தினது. நுட்பப் பதிவாச்சேன்னு ஓடிடாதீங்க மக்களே, கவிதையை விடக் கம்மியாத்தான் கஷ்டப்படுத்துவேன் :-)

ஒத்திசைவு மென்பொருள்னா என்னன்னு நம்மாளுங்களுக்குத் தெரியும். சிங்க்திங், ஃப்ரீஃபைல்சிங்க், விண்டோஸ்லயே இருக்கற ரோபோகாப்பி, லினக்ஸ் ஆளுங்களோட ஆர்சிங்க் (இது 1996லயே வந்தது) இப்படி நிறைய. இங்க இருக்கற ஃபோல்டரும் அங்க இருக்கற ஃபோல்டரும் ஒரே மாதிரி இருக்கணும்னு பார்த்துக்கறதுதான் இதுங்க வேலை. எல்லாத்தையும் அனுப்ப வேணாம், சிலதை விட்டுடுன்னு சொல்ல ஒரு பட்டியல் குடுக்கலாம். அதுதான் விலக்குப் பட்டியல், ஃபில்டர். இந்தப் பட்டியலை நாம ரொம்ப அலட்சியமா எழுதறோம்ங்கறது என் கட்சி. அது வேகத்துக்கான செட்டிங் இல்லை. "இந்த வரியில சிக்கறது எல்லாம் தொலைஞ்சாலும் எனக்குப் பரவாயில்லை"ன்னு நாம போட்டுக் குடுக்கற கையெழுத்து.

நம்மூர்ல எனக்குத் தெரிஞ்ச ஸ்டூடியோக்காரர் ஒருத்தர். கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணும்போது டெம்ப்1, டெம்ப்2, டெம்ப்_நியூன்னு ஏகப்பட்ட ஃபோல்டர் போடுவார். அதெல்லாம் பேக்கப்புக்குப் போய் இடத்தை அடைக்குதேன்னு, செட் பண்ணிக் குடுத்த பையன் ஃபில்டர்ல ஒரே வரியில வேலையை முடிச்சுட்டான். டெம்ப், அதுக்குப் பின்னாடி ஒரு நட்சத்திரக்குறி. அதாவது டெம்ப்னு ஆரம்பிக்கற எதையும் தொடாதே. ராத்திரி ராத்திரி ஒழுங்கா பேக்கப் ஓடுச்சு. பச்சை டிக் வந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு மெயின் டிஸ்க் போச்சு. பேக்கப்பைத் திறந்தா கல்யாணம் எல்லாம் இருக்கு, காதுகுத்து எல்லாம் இருக்கு, டெம்பிள் ஃபோல்டர் மட்டும் இல்லவே இல்லை. அதுக்குள்ளதான் 2017 பிப்ரவரி 6ஆம் தேதி அண்ணாமலையார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவர் எடுத்த படங்கள் மொத்தமும் இருந்துச்சு. டேட்டா ரெக்கவரிக்குக் குடுத்தார், பாதிகூடத் தேறலை. வாட்ஸப்புல யார் யாருக்கோ அனுப்பினதைத் திரும்ப வாங்கி வச்சிருக்கார். அது அளவு சுருங்கிப்போன படம், பெருசு பண்ணினா கலசம் எது காக்கா எதுன்னு தெரியாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வழக்கம் வச்சிருக்கற விசேஷம். "சாமி, இன்னொரு தடவை தண்ணி ஊத்துங்க, ஃபோட்டோ போயிடுச்சு"ன்னு கேக்கவா முடியும்?

இதுல அந்த மென்பொருள் மேல தப்பே கிடையாது. சொன்னதைச் செஞ்சுது. அதுக்கு எழுத்துதான் தெரியும், அர்த்தம் தெரியாது. நட்சத்திரக்குறி போடாம, டெம்ப்1 மாதிரி முழுப்பேரா எழுதியிருந்தா தப்பிச்சிருக்கும். எந்த இடத்துல இருக்கற டெம்ப்னு சொல்லியிருந்தாலும் தப்பிச்சிருக்கும். ஆர்சிங்க், சிங்க்திங் ரெண்டுலயும் வரியோட ஆரம்பத்துல ஒரு சாய்வுக்கோடு (/) போட்டா, "மேல்தட்டுல இருக்கறது மட்டும்"னு அர்த்தம். போடலைன்னா எத்தனை அடுக்கு உள்ளே இருந்தாலும் தேடிப் போய்த் தள்ளும். ஒரு சாய்வுக்கோட்டுக்கு இவ்ளோ மதிப்பு இருக்குங்க.

அடுத்த குழப்பம் பேர்க் குழப்பம். "விலக்கு" வேற, மேகச்சேவைங்கள்ல வர்ற "செலக்டிவ் சிங்க்" வேற. விலக்குன்னா கோப்பு உங்க பொட்டியில இருக்கும், அந்தப் பக்கம் போகாது. செலக்டிவ் சிங்க்குல டிக்கை எடுத்தா கோப்பு அந்தப் பக்கம் இருக்கும், உங்க பொட்டியிலேர்ந்து காணாம போகும். நேரெதிர்! ரெண்டையும் நம்ம ஜனங்க "அன்டிக் பண்ணிட்டேன்"னு ஒரே வார்த்தையில சொல்றாங்க. இதுல நம்ம தப்பு இல்லாமலேயே அடி வாங்கினவங்களும் உண்டு. 2014 அக்டோபர்ல டிராப்பாக்ஸ், தன்னோட பழைய பதிப்பு சிலதுல செலக்டிவ் சிங்க் போட்டிருந்தவங்கள்ல சிலரோட கோப்புகள் ஒரு பிழையால அழிஞ்சு போச்சுன்னு ஒத்துக்கிட்டு மெயில் அனுப்புச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒரு வருஷம் கட்டணச் சேவையை இலவசமாக் குடுத்துச்சு. ஒரு வருஷ இலவசத்தை வச்சுக்கிட்டு போன படத்தை என்ன பண்றது? பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா, டிக்கை எடுக்கறதுக்கு முன்னாடி வேற டிஸ்க்குல ஒரு காப்பி இருக்கான்னு பார்த்துக்கறது நம்ம பொறுப்பு.

சரி, ஆங்கிலத்துலதானே தகராறு, தமிழ்ல பேர் வச்சா தப்பிச்சுக்கலாமேன்னு நினைக்கறீங்களா? இங்கதான் நம்ம ஊருக்கே உரிய சமாச்சாரம் வருது. பௌர்ணமி!

இந்த வார்த்தையை எப்படித் தட்டறீங்க? சரியான முறையில ப-வோட ஔகாரக் குறியைச் சேர்க்கணும். நிறையப் பேர் தட்டறது பெ, அதுக்குப் பக்கத்துல ள. "பெளர்ணமி". கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சத்தமாப் படிச்சா "பெ-ள-ர்ணமி"ன்னு வரும், யாரும் அப்படிப் படிக்கறதில்லை. ஆனா பொட்டிக்கு இது ரெண்டு வேற வேற வார்த்தை. கௌரி, மௌனம், சௌந்தர்யா எல்லாருக்கும் இதே கதி. பட்டியல்ல ஒரு விதமாவும் ஃபோல்டர்ல இன்னொரு விதமாவும் இருந்தா, "பௌர்ணமி வீடியோவை அனுப்பாதே"ன்னு நீங்க எழுதினதுக்குக் காரணமே இல்லாம அது பாட்டுக்குப் போயிட்டிருக்கும். தலைகீழாவும் நடக்கும். "இதை மட்டும் எடுத்துக்கோ"ன்னு எழுதின வரியில பௌர்ணமின்னு இருந்து, ஃபோல்டர் பெளர்ணமியா இருந்தா, ஒரு படம்கூடப் போகாது.

இன்னொண்ணு கோயில். யூனிகோட்ல "கோ"வுக்கு வர்ற ஓகாரக் குறியை ஒரே குறியீடாவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒண்ணு, கால் ஒண்ணுன்னு ரெண்டு குறியீடாவும் எழுதலாம். ரெண்டும் ஒண்ணுதான்னு யூனிகோட் விதியே சொல்லுது. ஆனா மேக் பொட்டிகள்ல 2017 வரைக்கும் இருந்த டிஸ்க் அமைப்பு (எச்.எஃப்.எஸ். பிளஸ்) கோப்புப் பேரையெல்லாம் பிரிச்சு ரெண்டாத்தான் சேமிக்கும். விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் நாம தட்டறது பெரும்பாலும் ஒண்ணாத்தான் விழும். அந்தப் பழைய மேக் டிஸ்க்குலேர்ந்து வந்த "கோயில்" ஃபோல்டரை, இங்க தட்டின "கோயில்"ங்கற ஃபில்டர் வரி கண்டுக்காமப் போகலாம். சிங்க்திங் இந்த மாதிரிப் பேரைத் தானாவே ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துடும். ஆர்சிங்க்குக்கு நாமதான் தனியாச் சொல்லணும். ஆனா பெளர்ணமியை எந்த மென்பொருளும் காப்பாத்தாது. ஏன்னா அது வடிவ வித்தியாசம் இல்லை, எழுத்துப்பிழை.

உடனே "அதான் நான் எல்லாத்துக்கும் இங்கிலீஷ்லயே பேர் வைக்கறேன்"னு ஒரு கூட்டம் கிளம்பும். அந்த இங்கிலீஷ்லதானே டெம்பிளைத் தொலைச்சோம்? தமிழ்ல பேர் வைங்க. சரியாத் தட்டி வைங்க. ஃபில்டர் எழுதும்போது பேரைப் புதுசாத் தட்டாதீங்க. ஃபோல்டர் பேரையே காப்பி பண்ணி ஒட்டுங்க. ரெட்டைப்பிறவி எழுத்துத் தொல்லை அந்த ஒரு பழக்கத்துலயே பெரும்பாலும் தீர்ந்துடும்.

எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக்கூடாது? எல்லாரும் கேக்கற கேள்வி "இது எவ்ளோ பெருசு?" கேக்க வேண்டிய கேள்வி "இதை மறுபடி உண்டாக்க முடியுமா?" லைட்ரூம் உண்டாக்கற பிரிவ்யூ ஃபோல்டர் பல ஜி.பி. இருக்கும். தள்ளுங்க, மூலப்படம் இருந்தா திரும்ப வந்துடும். அந்த லைட்ரூமோட கேட்டலாக் கோப்பு அதை விடச் சின்னது. அதைத் தள்ளினா நீங்க ராத்திரி முழிச்சுப் பண்ணின திருத்தம் எல்லாம் போச்சு. பிரீமியர்ல மீடியா கேஷ் போகலாம், ஆட்டோசேவ் போகக்கூடாது. விண்டோஸ் விட்டுட்டுப் போற தம்ப்ஸ் கோப்பு தாராளமாப் போகலாம். பதிவர்களுக்குன்னா, உலாவியோட கேஷ் போகலாம். பாதியில நிக்கற வரைவுகளும், யூனிகோடுக்கு முன்னாடி திஸ்கியில அடிச்சு வச்ச பழைய கட்டுரைகளும் போகக்கூடாது. "பழசு"ன்னு ஒரு ஃபோல்டர் இருந்தா அதுக்குள்ள ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு அப்புறம் பட்டியல்ல சேருங்க.

எதையுமே தள்ளாம பெரிய டிஸ்க்கா வாங்கிப் போட்டுடலாமேன்னு ஒரு வாதம் இருக்கு. பாதி சரி. ஆனா நிமிஷத்துக்கு நிமிஷம் மாறற தற்காலிகக் கோப்புங்களை மாஞ்சு மாஞ்சு அனுப்பிட்டிருந்தா, அனுப்ப வேண்டிய படம் வரிசையில பின்னாடி நிக்கும். ஒரு மென்பொருள் திறந்து எழுதிட்டிருக்கற தரவுத்தளக் கோப்பை நடுவுல காப்பி எடுத்தா, அந்தக் காப்பி கெட்டுப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால ஃபில்டர் வேணும். அது சின்னதா, ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ற மாதிரி இருக்கணும், அவ்ளோதான்.

கடைசியா ஒரு விஷயம். சிங்க் ஓடறதுக்கு முன்னாடி ஒத்திகை பாருங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. பாருங்க, நல்லதுதான். ஆனா சாதாரண ஒத்திகைப் பட்டியல்ல போகப்போற கோப்புதான் வரும். தள்ளிவிட்ட கோப்பு வராது. இல்லாததைப் பட்டியல்ல தேடினா எப்படிக் கிடைக்கும்? ஆர்சிங்க்குல விவரமாச் சொல்லுன்னு ரெண்டு தடவை கேட்டா, எந்த ஃபோல்டரை எந்த வரியால மறைச்சேன்னு அதுவே சொல்லும். மத்தவங்களுக்கு எளிய வழி எண்ணிக்கை. மூல ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி எத்தனை கோப்பு, எத்தனை ஃபோல்டர்னு பாருங்க. பேக்கப்புலயும் பாருங்க. வித்தியாசத்துக்குக் கணக்குச் சொல்ல முடியலைன்னா எங்கயோ டெம்பிள் போயிட்டிருக்குன்னு அர்த்தம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, கார்த்திகை தீபத்துக்குக் கேமரா பேட்டரியை சார்ஜ் போடற நாள்ல, இதையும் செஞ்சுடுங்க. பேக்கப்புலேர்ந்து போன வருஷத் தீபம் ஒண்ணைத் திறந்து பாருங்க. திறந்தா சந்தோஷம், இல்லைன்னா இப்பவே தெரிஞ்சுதேன்னு சந்தோஷம்.

உங்க விலக்குப் பட்டியல்ல நட்சத்திரக்குறி போட்ட வரி எத்தனை இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: சிங்க்திங்குல விலக்குப் பட்டியல் ஒரு பொட்டியிலேர்ந்து இன்னொரு பொட்டிக்குத் தானாப் போகாது. ஒவ்வொண்ணுலயும் தனியா எழுதணும். "அங்க எழுதிட்டேனே"ன்னு அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வராதீங்க :-)