மழைக்கால மேசையில் விரியும் சிறகுகள்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்துவிட்டது. கூடவே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிட்டது. பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்ப முடியாது; நாள் முழுவதும் கைப்பேசியைக் கையில் கொடுக்கவும் மனம் வராது. அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும் பலகை விளையாட்டுப் பெட்டிகள் பல வீடுகளில் கீழே இறங்குவது இந்த ஆறு வாரங்களில்தான். ஜனவரியில் பள்ளி திறந்ததும் அவை மறுபடியும் மேலே ஏறிவிடும்.

அதில் தவறில்லை. சில பொழுதுபோக்குகள் பருவத்துக்கு உரியவை. ஆனால் பெட்டியோடு சேர்ந்து, அது கிளப்பிவிட்ட ஆர்வமும் மேல்தட்டுக்குப் போய்விட்டால் அது இழப்புதான்.

2019ல் வெளிவந்த ‘விங்ஸ்பேன்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கிய எலிசபெத் ஹார்கிரேவ், பறவை பார்ப்பதில் ஈடுபாடு கொண்டவர். பெட்டியில் 170 பறவை அட்டைகள் இருக்கும். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு பறவை. அது சிறகை விரித்தால் எத்தனை சென்டிமீட்டர், என்ன தின்னும், எப்படிக் கூடு கட்டும், எங்கே வாழும் என்பதெல்லாம் அட்டையிலேயே இருக்கும். ஜெயிக்க வேண்டுமென்றால் இவற்றைக் கவனித்தே ஆகவேண்டும். மனப்பாடம் செய்யச் சொல்ல யாருமில்லை. நான்கைந்து ஆட்டத்தில் தானாகவே மனத்தில் பதிந்துவிடும்.

அட்டைகளில் இருப்பவை வட அமெரிக்கப் பறவைகள். ‘அப்போ நம்ம ஊர்ல என்ன பறவைம்மா இருக்கு?’ என்று பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் அதற்கு விடை சொல்ல இதைவிட நல்ல மாதம் கிடையாது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை, சைபீரியா போன்ற வடபகுதிகளின் குளிருக்குத் தப்பி வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் இரை தேடும். மழை விட்ட ஒரு காலையில், நீர் வற்றும் நேரம் பார்த்துப் பிள்ளையோடு போய் நில்லுங்கள். அட்டையில் எண்ணாக இருந்த சிறகு அங்கே கண்முன்னே விரியும்.

ரயில் பாதைகளை இணைத்து ஆடும் ‘டிக்கெட் டு ரைடு’ 2004ல் வந்தது. அதில் மூழ்கிய பிள்ளைக்கு, 2011 ஜூன் 30 வரை தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலேசியாவுக்கு ரயில் புறப்பட்டது என்பதே புதுச்செய்தியாக இருக்கும். தண்டவாளம் அகற்றப்பட்ட அந்தப் பாதையில்தான் இன்று 24 கிலோமீட்டர் நடைபாதை நீள்கிறது. புக்கிட் தீமாவில் இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது.

புதுப்பெட்டி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பாட்டியின் பல்லாங்குழியில் வழக்கமாக இரு வரிசையில் 14 குழிகள். மலாய் அண்டை வீட்டாரின் ‘சோங்காக்’ பலகையில் இரு முனைகளிலும் ‘வீடு’ என்று ஒவ்வொரு பெரிய குழி கூடுதலாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்த்தால் ஒற்றுமை எது, வேற்றுமை எது என்று கேள்விகள் கிளம்பும். பாட்டி விதி சொல்ல, பேரன் மறுத்துப் பேச, வீட்டில் தமிழும் தானாகப் புழங்கும்.

பெற்றோர் செய்யாமல் இருக்கவேண்டியது ஒன்று உண்டு. ஆர்வம் தெரிந்த மறுநாளே பயிற்சித்தாள் வாங்கிவந்து, ‘பத்துப் பறவையின் பெயர் சொல்லு’ என்று உட்கார வைக்காதீர்கள். விளையாட்டு துணைப்பாட வகுப்பாக மாறினால், பெட்டியைப் பிள்ளையே மேல்தட்டில் வைத்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆடுங்கள், தோற்கவும் செய்யுங்கள். கேள்வி வரும்போது கூடவே கிளம்புங்கள்.

எஞ்சிய விடுப்பை ஆண்டு முடிவதற்குள் எடுத்துத் தீர்க்கும் இளையர்களுக்கும் இது பொருந்தும். நான்கு நண்பர்கள், ஒரு மேசை, ஒரு மாலைப்பொழுது போதும்.

பிள்ளை கேட்கும் கேள்வியை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். பள்ளி திறந்த பிறகும் அது கண்ணில் படும். வலசைப் பறவைகள் மார்ச் வரை இங்கேதான் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை கிடைக்காமலா போகும்?