பொதுவான நோய் என்று தள்ளிவிட முடியாது

"கருப்பை நோய் எந்தப் பெண்ணுக்கும் வரும், அதற்கு ராணுவம் ஏன் ஊனமுற்றோர் ஓய்வூதியம் தர வேண்டும்?" என்று கேட்கிறார்கள். வலிப்பு நோயும் யாருக்கும் வரக்கூடியதுதான். 1985இல் படையில் சேர்ந்த தரம்வீர் சிங்குக்கு அது வந்தபோது, உடலமைப்பால் வந்தது, பணிக்குத் தொடர்பில்லாதது என்று மருத்துவக் குழு எழுதியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியில்தான் வந்தது என்று கருத வேண்டும் என்றது. பணியால் வரவில்லை என்றால் காரணத்தை எழுதிக் காட்டும் பொறுப்பு அரசுடையது என்றது. ஆணின் வலிப்புக்குப் பொருந்திய இந்த நியாயம் பெண்ணின் கருப்பைக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

பணியே நோயை உண்டாக்கியிருக்க வேண்டியதில்லை, பணியால் முற்றினாலும் உரிமை உண்டு. எதிர்வாதம் செய்கிறவர்கள் வசதியாக மறப்பது இதைத்தான். காங்கேயத்துத் தேங்காய்க் களத்தில் கருப்பை இறங்கிய பெண்ணிடம் மருத்துவர் முதலில் சொல்வது "சுமை தூக்காதீங்க" என்பதுதான். ராணுவத்தில் முதுகில் பாரத்தோடு ஓடுகிறவளுக்கும், மாதவிடாய்ப் பெருக்கோடு கழிப்பறையில்லாத முகாமில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கும் உடம்பு வேறா என்ன? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை பெண்பால் நோய்களுக்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறது. கருப்பை உட்சுவர்த் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸுக்கு 50 சதவீதம் வரை ஊனம் கணக்கிடுகிறது.

பொய்க் கோரிக்கைகள் பெருகுமாம். ஊனத்தின் அளவைச் சொல்வது விண்ணப்பிக்கிறவள் அல்ல, ராணுவத்தின் மருத்துவக் குழு. அந்தக் குழுவில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் உட்காரட்டும். மறுத்தால் காரணத்தை எழுதட்டும்.