வாண்டோடு சென்னைக்கு இரண்டு நாள்

தீபாவளி, பொங்கலுக்குப் பனியன் கம்பெனிகள் மூடினால்தான் திருப்பூரில் பல அப்பா, அம்மாவுக்குச் சேர்ந்தாற்போல லீவு. மற்ற நாள்களில் அவர்கள் வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். தீபாவளி நேரம் சென்னையில் மழைக்காலம் என்பதால் பொங்கல் லீவுதான் தோது.

இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்ட்ரல். 5 வயதுக்குள் டிக்கெட் வேண்டாம், பெர்த்தும் கிடையாது. அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைத்தால்தான் இருவரும் தூங்க முடியும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது.

வண்டலூர் பூங்கா சுமார் 600 ஹெக்டேர். இரண்டு வயசு வாண்டு பாதி வழியில் 'தூக்கு' என்று கையை நீட்டிவிடும். அதற்குக் கிண்டி சிறுவர் பூங்காவே போதும், பாம்புப் பண்ணையும் பக்கத்திலேயே. இரண்டுக்கும் வழக்கமாகச் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி. மதியம் அறைக்குத் திரும்பித் தூங்கவைத்துவிட வேண்டும். பணம் கொடுத்து எடுத்த ரூம் அதற்குத்தானே!

மாலையில் மெரினா. காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். தொலைந்தால் கண்டுபிடிக்க, பிள்ளைகள் கையில் போலீஸே போன் நம்பர் பட்டை கட்டிவிடுகிற அளவுக்குக் கூட்டம். மற்ற நாளில் அலைக்குத் தள்ளி உட்கார்ந்தால், அப்பாவின் செருப்பில் மணலை அள்ளிப் போட்டே வாண்டு ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடும்.