சாவிக்கொத்து டார்ச்சுக்கு ஒரு பரீட்சை

சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன டார்ச்சை நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் வாங்குகிறோம். கடைக்காரர் பட்டனை அழுத்தி நம் முகத்துக்கு நேரே அடிப்பார். நாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நல்லா அடிக்குதே" என்று சொல்லிக் காசைக் கொடுப்போம். அத்தோடு பரீட்சை முடிந்தது.

இது சரியான பரீட்சை இல்லை என்பது என் கட்சி. டார்ச்சை அதன் முதல் நிமிடத்தை வைத்து எடை போடக்கூடாது. அறுபதாவது நிமிடத்தில் அது எப்படி எரிகிறது என்று பார்க்க வேண்டும். அதிலும் எழுபதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

"ஐம்பது ரூபாய் சாமானுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று என் மைத்துனர் சிரித்தார். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்ததே, அதற்குப் பிறகு வந்த ராத்திரிகளை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. பல தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மாடிப்படி, மாத்திரை டப்பா, கழிவறை எல்லாம் இருட்டுக்குள். "கைபேசியிலேயே டார்ச் இருக்கிறதே" என்பார்கள். புயல் நேரத்தில் கைபேசியின் சார்ஜைப் பிள்ளைகளுக்குப் போன் செய்யவும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் படியில் வெளிச்சம் காட்டிக் கரைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கோப்பில் ஓர் எண்ணைப் பார்த்தால், இதற்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்று தேடுவேன். டார்ச் பெட்டியில் 'லூமன்' என்று போட்டிருக்கும் எண்ணுக்கும் ஆதாரம் கேட்கலாம். 2009-ல் அமெரிக்காவில் டார்ச்சுகளுக்கென்று எஃப்.எல்.1 என்ற அளவு முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதன்படி, விளக்கைப் போட்ட 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள் வெளிச்சத்தை அளக்கிறார்கள். எரியும் நேரம் என்பது, அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரம். அதாவது 'மூன்று மணி நேரம் எரியும்' என்றால், மூன்று மணி நேரமும் ஒரே மாதிரி எரியும் என்று அர்த்தமில்லை. மூன்றாவது மணி முடியும்போது பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்றும் இருக்கலாம். முறையாக அளந்து எழுதும் கம்பெனிகளின் கதையே இது. அளக்காமலே எண்ணை அச்சடிப்பவர்களைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

அதனால் நாமே அளக்க வேண்டியதுதான். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் ஆரம்பப் பள்ளியில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துப் படிப்பது. இலை, கூழாங்கல், தராசு, மெழுகுவர்த்தி, எதுவாக இருந்தாலும் முதலில் பார், பிறகு அள, கடைசியில் எழுது என்பார் எங்கள் முசே. வெளிச்சத்தின் அளவுக்கு அன்றைய பழைய பிரெஞ்சுப் புத்தகங்களில் 'பூஜீ' என்றே பெயர். மெழுகுவர்த்தி என்று பொருள். 1948-ல்தான் அதற்குக் கேண்டெலா என்ற பெயர் வந்தது. இன்றும் ஒரு சாதாரண மெழுகுவர்த்தியின் சுடரை ஏறக்குறைய ஒரு கேண்டெலா என்று வைத்துக்கொள்ளலாம்.

கருவி எதுவும் வேண்டாம். வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள். அந்த எண்ணெய்க் கறைதான் நம் மீட்டர். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் பன்சன் கண்டுபிடித்த வழி இது. தாளை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, மறுபக்கம் டார்ச். நாம் பார்க்கும் பக்கத்தில் வெளிச்சம் அதிகமானால் கறை கறுப்பாகத் தெரியும். குறைந்தால் கறை பளிச்சென்று தெரியும். இரண்டு பக்கமும் சமமானால் கறை மறைந்துபோகும். மெழுகுவர்த்தியின் வெளிச்சம் மஞ்சள், எல்.இ.டி. வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளை என்பதால் முழுக்க மறையாது. எங்கே மிகவும் மங்குகிறதோ அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை அளந்து சராசரி போடுங்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிடுவது அவசியம்.

கணக்கும் சுலபம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். மெழுகுவர்த்தி 20 செ.மீ. தூரத்திலும் டார்ச் 100 செ.மீ. தூரத்திலும் இருக்கும்போது கறை மறைந்தால், 100-ஐ 20-ஆல் வகுத்தால் 5. ஐந்தைந்து இருபத்தைந்து. டார்ச்சின் நேர் வீச்சு 25 மெழுகுவர்த்திக்குச் சமம்.

இப்படி மூன்று டார்ச்சுகளை அளந்தேன். முதலாவது, காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் டார்ச். உள்ளே சி.ஆர்.2016 காசு செல் இரண்டு. புது செல்லில் 25 மெழுகுவர்த்தி. நிறுத்தாமல் எரியவிட்டு, அரை மணியில் பார்த்தால் 12. ஒரு மணியில் 6. மூன்று மணியில் 2-க்குச் சற்று மேல், அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மணி நேரம் ஆனபோது என் மனைவியிடம் காட்டிக் கேட்டேன். "ஏங்க, அப்படியேதானே எரியுது" என்றாள். அவள் பேரில் குற்றமில்லை. மெல்ல மெல்லக் குறையும் வெளிச்சத்தைக் கண் கண்டுகொள்வதில்லை. முக்கால் பங்கு போனபிறகும் 'நல்லா அடிக்குது' என்றே நம்புவோம். அடுத்த முறை படியில் இறங்கும்போது கடைசிப் படி தெரியாது.

இரண்டாவது, பிரான்சில் இருக்கும் மகன் கொண்டுவந்த உலோக டார்ச். யு.எஸ்.பி.யில் சார்ஜ் போடலாம். பெட்டியில் பெரிய எண். அதற்காக மெழுகுவர்த்தியை 10 செ.மீ.க்கு நகர்த்த வேண்டியிருந்தது. முதலில் 900 மெழுகுவர்த்தி! மூன்றாவது நிமிடத்தில் சுமார் 225. இவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு சூட்டைத் தாங்க முடியாது, அதனால் தானாகவே குறைத்துக்கொள்கிறது. அது தப்பில்லை. ஆனால் பெட்டியின் எண் அந்த முதல் இரண்டு நிமிடத்துக்கு உரியது என்பதை வாங்குபவர் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, டி.வி. ரிமோட்டுக்குப் போடும் சின்ன செல் ஒன்றில் எரிவது. கடையில் அடித்துப் பார்த்தால் யாரும் வாங்கமாட்டார்கள், வெறும் 9 மெழுகுவர்த்திதான். ஒரு மணி கழித்து ஏறக்குறைய 8. நாலு மணி கழித்து 6. கவனியுங்கள், ஒரு மணி நேரத்தில் இந்த ஏழை டார்ச் சந்தை டார்ச்சை முந்திவிட்டது.

காரணம் உள்ளே இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். சந்தை டார்ச்சில் செல்லையும் எல்.இ.டி.யையும் நேராகச் சேர்த்திருக்கிறார்கள், செல் தளரத் தளர வெளிச்சமும் தளர்கிறது. ரிமோட் செல்லுக்கு 1.5 வோல்ட்தான், அதை உயர்த்த ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும். அந்த சர்க்யூட்டே வெளிச்சத்தைச் சீராகவும் பிடித்து வைக்கிறது. ஒன்றைச் சொல்லிவிடுவது நியாயம். விட்டு விட்டு எரித்தால் காசு செல் இடையில் கொஞ்சம் தேறிக்கொள்ளும். தினம் இரண்டு நிமிடம் சாவித் துவாரம் தேட அது போதும். புயல் ராத்திரிக்குப் போதாது.

நம் வயதுக்கு இன்னொன்றும் உண்டு. அறுபது வயதில், இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் நமக்குப் போய்ச் சேர்கிறது என்கிறார்கள். அதனால் நிறைய வெளிச்சம் வேண்டும் என்று தோன்றும். ஆனால் நள்ளிரவில் 900 மெழுகுவர்த்தியை வெள்ளைச் சுவரில் அடித்தால் கண் கூசும், இருட்டுக்குப் பழகிய கண் பழைய நிலைக்குத் திரும்ப இருபது முப்பது நிமிடம் ஆகும். பக்கத்தில் படுத்திருப்பவரும் எழுந்துவிடுவார். காலடியைக் காட்டும் நிதானமான வெளிச்சமே நமக்கு வேண்டியது.

கடைசியாக, வெளிச்சத்தைவிட முக்கியமான பரீட்சை. செல் மூடியை நகத்தால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த டார்ச் பேரப்பிள்ளைகள் வரும் வீட்டில் இருக்கக்கூடாது. 20 மி.மீ. காசு செல்லைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும், இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மூடியில் திருகாணி இருக்க வேண்டும். தீர்ந்த செல்லும் ஆபத்துதான், அதை மேசைமேல் போட்டு வைக்காதீர்கள்.

என் தீர்ப்பு இதுதான். ரிமோட் செல்லில் எரியும், குறைந்த வெளிச்சம் உள்ள டார்ச்சை வாங்குங்கள். செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். செல் போட்ட தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். மழைக்காலத்துக்கு முன்பு, ஐப்பசி பிறக்கும் சமயத்தில், ஒரு மாலை உட்கார்ந்து எண்ணெய்த் தாளை வைத்து அளந்துவிடுங்கள். பேரன் பேத்தி இருந்தால் அளவை அவர்களிடமே விடுங்கள். அவர்களுக்கு ஒரு பாடம், உங்களுக்கு ஒரு நம்பகமான விளக்கு.