ஐந்தாம் எண்

சுவீடன் நாட்டின் கோனிக்செக் நிறுவனம் ‘ஜெஸ்கோ’ என்னும் மகிழுந்தைச் செய்கிறது. உலகில் மிகச் சிலரே வாங்கக்கூடிய வண்டி அது. அதன் விலையைப் பற்றி நமக்குக் கவலை வேண்டா. அதன் விவரக்குறிப்பில் உள்ள இரண்டு எண்கள் மட்டும் நம் சிந்தனைக்கு உரியவை. வழக்கமான பெட்ரோலை நிரப்பினால் அதன் எந்திரம் 1280 குதிரைத்திறனைத் தருகிறது. 85 விழுக்காடு வரை எத்தனால் கலந்த ‘இ85’ எரிபொருளை நிரப்பினால் அதே எந்திரம் 1600 குதிரைத்திறனை எட்டுகிறது. நம் ஊரிலோ, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு வண்டி முன்போல் ஓடவில்லை, மைலேஜ் குறைந்துவிட்டது என்று குறைபடுவோரே மிகுதி. ஒரே பொருள் அங்கே வலிமையாகவும் இங்கே குறையாகவும் தோன்றுவது எதனால்?

விடை எத்தனாலின் இயல்பிலேயே இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை எந்திரம் இறுக்கி, அதன்பின் தீப்பொறியால் எரிக்கிறது. இறுக்கம் மிகுந்தால் ஆற்றலும் மிகும். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால், தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்து, உந்துதண்டைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் தாக்கும். இவ்வாறு தானே வெடிக்காமல் தாங்கும் திறனையே ஆக்டேன் எண் குறிக்கிறது. நம் நாட்டில் நெடுங்காலம் விற்ற வழக்கமான பெட்ரோலுக்கு அந்த எண் 91. எத்தனாலுக்கு ஏறத்தாழ 108. அதுமட்டுமன்று. ஆவியாகும்போது எத்தனால், பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே புகும் காற்றைக் குளிர்விக்கிறது. பந்தயக்காரர்கள் இதனை விரும்புவதற்கு வேறு காரணம் தேவையில்லை. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயங்கள் 2007இல் எத்தனாலுக்கு மாறின. 2022 முதல் பார்முலா 1 வண்டிகளின் எரிபொருளிலும் 10 விழுக்காடு எத்தனால் சேர்ந்தது.

மறுபக்கமும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூலே இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். எனவே அதே அளவு காற்றுக்கு எத்தனாலைக் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். ஜெஸ்கோவின் கணினி தொட்டியில் உள்ள கலவைக்கு ஏற்பத் தெளிப்பின் அளவையும் அழுத்தத்தையும் மாற்றிக்கொள்கிறது. எத்தனாலால் விளையும் நன்மை முழுவதும் இந்த அறிதலைச் சார்ந்ததே என்பது என் கருத்து. தான் குடிப்பது எது என்று அறிந்த எந்திரத்துக்கு அது மருந்து. அறியாத எந்திரத்துக்கு அது வெறும் ஆற்றல் குறைந்த நீர்மம்.

இதனை அமெரிக்காவில் விரைவு மகிழுந்துகளை விரும்புவோர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். உயர்தரப் பெட்ரோலுடன் இ85ஐத் தாமே கலந்து, 30 விழுக்காட்டுக் கலவைக்கு ஏற்ப எந்திரத்தைச் சீரமைப்பது அவர்களிடையே வழக்கம். கணக்கு எளிது. 50 லிட்டர் தொட்டி. அங்குள்ள பெட்ரோலில் முன்னரே 10 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. 13.3 லிட்டர் இ85உம் 36.7 லிட்டர் பெட்ரோலும் சேர்த்தால் 30 விழுக்காடு வந்துவிடும். தாளில் இது சரி. ஆனால் அந்நாட்டில் இ85 என்று விற்பதில் எத்தனால் 51 முதல் 83 விழுக்காடு வரை இருக்கலாம். குளிர்காலத்தில் எந்திரம் எளிதில் இயங்குவதற்காகப் பெட்ரோலை மிகுதியாகச் சேர்ப்பார்கள். உண்மையில் 51 விழுக்காடே இருந்தால் அதே கணக்கில் கிடைப்பது 30 அன்று, ஏறத்தாழ 21தான். முப்பதை நம்பி அழுத்தத்தை உயர்த்திய எந்திரத்தில், அந்த ஒன்பது விழுக்காட்டு வேறுபாடு உந்துதண்டை உடைக்கவும் போதும்.

ஆகவே விவரம் அறிந்தவர்கள் பெயர்ப்பலகையை நம்புவதில்லை; அளந்து பார்க்கிறார்கள். அளவுக் கோடுகள் இட்ட கண்ணாடிக் குழலில் குறித்த அளவு நீரும் எரிபொருளும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், எத்தனால் பெட்ரோலை விட்டு நீரோடு சேர்ந்து கீழே இறங்கும். நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்தால் எத்தனாலின் அளவு ஏறத்தாழத் தெரிந்துவிடும். (வேதியியல் ஆசிரியர் உடனின்றி இதைச் செய்து பார்க்க வேண்டா, பெட்ரோல் ஆவி தீயை எட்டிப் பிடிக்கும்.)

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2003இல் சில மாநிலங்களில் 5 விழுக்காட்டுக் கலப்புடன் தொடங்கிய திட்டம் 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2030க்கென வைத்திருந்த 20 விழுக்காட்டு இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025இலேயே அடைந்துவிட்டோம். கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது சிறிய செயல் அன்று. கரும்பு விவசாயிக்குப் பணம் போய்ச் சேர்வதும் நன்றே. சர்க்கரையிலிருந்து எடுக்கும் ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2860 லிட்டர் நீர் செலவாகிறது என்று நிதி ஆயோக் 2021இல் கணக்கிட்டது. அந்த நீரின் விலையை யார் கொடுப்பது என்பது தனியே எழுத வேண்டிய செய்தி.

அதே அறிக்கை இன்னொன்றும் சொல்லியது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 விழுக்காட்டுக்குச் சீரமைத்த நான்கு சக்கர வண்டிகளில் 20 விழுக்காட்டுக் கலவையால் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு குறையும். அத்தகைய இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு குறையும். புதிதாக இதற்கென அமைந்த வண்டிகளில் இழப்பு சிறிதே. எத்தனாலுக்கென ஆக்காத ரப்பர்க் குழாய்களும் அடைப்பு வளையங்களும் நாளடைவில் கெடக்கூடும் என்பதும் தெரிந்ததே. எனவே பழைய வண்டிக்காரரின் முறையீட்டை அறியாமை என்று ஒதுக்க முடியாது. எத்தனால் கலவாத பெட்ரோலும், நிலையங்களில் தெளிவான குறியீடும் வேண்டும் எனத் தொடுத்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. கொள்கை நிலைபெற்றுவிட்டது; தெரிவிக்கும் கடமை மட்டும் அப்படியே நிற்கிறது.

பிரேசில் நாட்டைப் பாருங்கள். 1975இலேயே எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய நாடு அது. அங்குப் பெட்ரோலிலும் எத்தனால் கட்டாயமாகக் கலந்திருக்கிறது. ஆனால் 2003 முதல் எந்தக் கலவையையும் ஏற்கும் மகிழுந்துகள் அங்கு விற்பனைக்கு வந்தன. எரிபொருள் நிலையத்தில் பெட்ரோலும் எத்தனாலும் தனித்தனி விலையில் கிடைக்கின்றன. எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் எத்தனால், இல்லையேல் பெட்ரோல் என்று ஓட்டுநர் மனக்கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறார். ஆற்றல் குறைந்த பொருளுக்குக் குறைந்த விலை என்ற எளிய நியாயம் அதில் இருக்கிறது. நாமோ ஏறத்தாழ 7 விழுக்காடு ஆற்றல் குறைந்த லிட்டருக்கு முழு லிட்டரின் விலையைக் கொடுக்கிறோம்.

நம் பெட்ரோல் நிலையங்களில் இன்று நான்கு எண்களைக் காணலாம்: லிட்டரின் விலை, நிரப்பிய அளவு, தரவேண்டிய தொகை, அடர்த்தி. அடர்த்தி அங்கே இடம்பெற்றது கலப்படத்தைக் கண்டுகொள்வதற்காக. ஆனால் பெட்ரோலின் அடர்த்திக்கும் எத்தனாலின் அடர்த்திக்கும் வேறுபாடு மிகக் குறைவு. அந்த எண்ணைப் பார்த்து எத்தனாலின் அளவை எவரும் கூறிவிட முடியாது. ஐந்தாவதாக எத்தனாலின் விழுக்காட்டையும் காட்ட வேண்டும் என்று கேட்கிறேன். கலப்பு நடப்பது எண்ணெய்க் கிடங்குகளில். அளவு அங்கே தெரியாமல் இருக்க வழியில்லை. விலை அந்த எண்ணைப் பின்பற்றட்டும். இன்னும் பத்தாண்டுக்கேனும், 2023க்கு முன் வாங்கிய வண்டிகளுக்காக ஒவ்வொரு நகரத்திலும் சில நிலையங்களில் 10 விழுக்காட்டுப் பெட்ரோல் கிடைக்கட்டும்.