முடி சூடிய சிறுமியர்

கொக்குவிற் கடைகளிலே தொங்கும் சிறுமியரது புத்தகப்பைகளை நோக்குங்கள். பொற்கூந்தலும் மணிமுடியும் தாங்கிய மேனாட்டு இளவரசி அவற்றிலே புன்னகை புரிகின்றாள். இவளது பிறப்பிடம் ஒரு கம்பனியின் விற்பனைப் பகுதி. வெவ்வேறு காலத்துப் படங்களிலே தனித்தனி உலவிய நாயகியரை, 2000ஆம் ஆண்டளவில் 'இளவரசியர்' என்ற ஒரே முத்திரையின் கீழ்த் திரட்டியது அமெரிக்க டிஸ்னி நிறுவனம். அச்சரக்கின் விற்பனை 2001இல் சுமார் 30 கோடி டொலர்; 2006இலோ சுமார் 300 கோடி டொலர்! சிறுமியின் கனவென்று வியாபாரி கூறுவது இதனைத்தான்.

மேனாட்டாரை ஏசிவிட்டு நமது பண்பாட்டை மெச்சியிருக்க நாம் ஆயத்தமாயில்லை. நம்மவரது சாமத்தியச் சடங்கு இன்று அதே சந்தையின் கிளைக்கடையாகிவிட்டது. பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மணப்பெண் கோலம், தலையிலே முடி, மண்டபத்திலே சிம்மாசனம், வாசலிலே பல்லக்கு. ரொறன்ரோ, இலண்டன் உறவினர் அனுப்பும் வீடியோவை இங்குள்ளோர் விஞ்சவேண்டுமாம். மண்டபக்காரர், அலங்காரக்காரர், படப்பிடிப்பாளர் யாவர்க்கும் ஊதியமுண்டு; பெற்றோருக்கு எஞ்சுவது அடகுச்சீட்டு.

பல்லக்கென்றால் சுமக்கும் தோளும் வேண்டுமன்றோ? மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, உள்நுழையும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராடியது 1968இல். அந்த மண்ணிலே, பருவமெய்திய பிள்ளைக்கு நாம் புகட்டும் முதற்பாடம் பிறர் தோளேறி இருத்தல். அதுவும் வாய் பேசாது, பிறர் பார்ப்பதற்காக.

"மகளின் ஆசைக்குத்தானே" என்பர் தாய்மார். அவர்தம் அன்பை நாம் ஐயுறவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிய மொய்யைத் திரும்பப் பெற வேறு வழியில்லை என்பதும் அறிவோம். ஆயினும் தன் உடலில் நிகழ்ந்ததை ஊரறியச் சொல்ல அப்பிள்ளை இசைந்தாளா? முன்வாங்கிலிருந்து துணிந்து வினவிய மாணவி, முகநூலில் விழாப்படம் கண்டு நகைக்கும் பையன்களுக்கஞ்சித் தலைகுனிந்திருப்பதை ஆசிரியராகிய நாம் காண்கின்றோம்.

முடிசூட்டுக்குக் காரணம் மாதவிடாய். அச்சொல்லையோ அழைப்பிதழிலும் காணோம், வீட்டுப் பேச்சிலும் காணோம். இறக்குமதியாகும் ஆரோக்கியத் துவாய்மீது 2018 வரை இலங்கையில் விதிக்கப்பட்ட வரி நூறு வீதத்தையும் கடந்திருந்தது. குறைத்த பின்னரும் அறுபது வீதத்துக்கு மேல் நின்றது. அதுபற்றி ஒரு சொல்லும் பேசாத தந்தையர், சிம்மாசன வாடகையைப் பேரம் பேசாது எண்ணிக் கொடுத்தனர். வறிய மாணவியருக்கு அரசு வவுச்சர் வழங்க 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

விழா முடிந்து பாடசாலைக்குத் திரும்பும் இளவரசிக்கு வேண்டியவை தாழிடக்கூடிய கழிவறை, தண்ணீர், ஒரு துவாய். ஒரு நாள் மண்டபச் செலவிலே இவை எத்தனை மாணவியர்க்கு எத்தனை ஆண்டு கிட்டும்? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலே இக்கணக்கை ஆசிரியர்களாகிய நாமே எழுப்புவோம்.